ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கருக்கலைப்பை ஏன் நாடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ் பேசும் பெண்களும் அவர்களோடு கிளினிக்குக்கு வரும் தாய்மாரும் கணவன்மாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பொதுவான விளக்கங்களே. உங்கள் கர்ப்பத்தைப் பற்றி முடிவு சொல்ல உங்களைச் சோதித்த வைத்தியரால்தான் முடியும்.

"பிந்திய கருக்கலைப்பு" என்றால் எத்தனை மாதத்துக்குப் பிறகு?

உலகம் முழுவதற்கும் ஒரே எல்லை கிடையாது. இந்தப் பக்கத்தில் 20 வாரத்துக்குப் பிந்தியதை அப்படிச் சொல்கிறோம். வாரத்தை எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து, உறவு கொண்ட நாளிலிருந்து அல்ல. இது தெரியாததால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பெண்ணுக்குக் கடைசியாக ஜனவரி 1இல் மாதவிடாய் வந்தது என்று வையுங்கள். பெப்ரவரி 12இல் வீட்டில் சிறுநீர்ச் சோதனை செய்து இரண்டு கோடு காண்கிறார். அவர் மனக்கணக்கில் "நாள் தள்ளி இரண்டு கிழமை". கிளினிக் கணக்கில் அன்றைக்கே 6 வாரம். மே 21இல் 20 வாரம் முடிந்துவிடும்.

இப்படி நாடுபவர்கள் அதிகமா?

மிகக் குறைவு. கருக்கலைப்புகளைப் பதிவு செய்யும் நாடுகளை எடுத்தால், அமெரிக்காவில் 21 வாரத்திலும் அதற்குப் பிறகும் நடப்பவை நூற்றுக்கு ஒன்று அளவு. பத்தில் ஒன்பதுக்கு மேல் 13 வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 24 வாரத்துக்குப் பிந்தியவை ஆயிரத்தில் ஒன்று அளவுதான். இலங்கையில் இது குற்றம் என்பதால் பதிவேடே இல்லை.

அவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? முன்பே முடிவெடுத்திருக்கலாமே?

எல்லாரும் கேட்பது இதைத்தான், பெரும்பாலும் குற்றம் சாட்டும் குரலில். பிந்தி வருபவர்களை இரண்டு வகையாகப் பார்க்கலாம். சிலருக்கு முடிவெடுக்க வேண்டிய செய்தியே பிந்தித்தான் கிடைக்கிறது. மற்றவர்கள் நேரத்தோடு முடிவெடுத்தவர்கள், ஆனால் வழியில் ஒவ்வொரு தடையாக வந்து வாரங்களைத் தின்றுவிடுகிறது.

முதல் வகையில் ஒன்று, கர்ப்பம் என்றே தெரியாமல் இருப்பது. கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் உடலுக்கு இது புதிதல்ல. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், மூன்று மாத ஊசி போடுபவர்கள், பால் கொடுப்பவர்கள், 45ஐத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு நாள் தள்ளிப்போவது ஒரு அறிகுறியே அல்ல. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் சிறு இரத்தக்கசிவை மாதவிடாய் என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. நச்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் மெத்தை போலத் தடுத்துவிடும். பிள்ளை அசைவது 20 வாரம் கடந்தும் தெரியாமல் இருக்கலாம்.

சிறுநீர்ச் சோதனையும் ஏமாற்றும். நேரம் வருமுன் செய்தாலும், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்தாலும் ஒரு கோடுதான் வரும். இன்னொரு விசித்திரமும் உண்டு. கர்ப்பம் சில மாதம் ஆனபின் ஓமோன் அளவு மிகவும் கூடி, பட்டையின் வேதிப்பொருளையே திணறடித்து, அரிதாக "இல்லை" என்று காட்டிவிடும். மாதம் கூடியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் பட்டையை நம்பாமல் ஸ்கான் எடுப்பதே சரி.

முதல் வகையில் இரண்டாவது, பிள்ளையின் குறைபாடு பிந்தித் தெரிவது. மூன்றாவது, தாயின் நோய் பிந்தி வருவது. இரண்டுக்கும் கீழே தனித்தனிக் கேள்வி இருக்கிறது.

வாழ்க்கை தலைகீழாவதும் செய்திதான். நாலாம் மாதத்தில் கணவன் இறக்கிறான், அல்லது விட்டுவிட்டுப் போகிறான், அல்லது அடி தொடங்குகிறது. வீட்டு வன்முறை கர்ப்பகாலத்தில் தொடங்குவதும் கூடுவதும் கிளினிக்குகளில் நன்கு அறியப்பட்ட விஷயம். விரும்பிச் சுமந்த பிள்ளை என்பதால் இந்தப் பெண்ணுக்கு 12 வாரத்தில் முடிவெடுக்க ஒன்றுமே இருக்கவில்லை.

இரண்டாவது வகையைக் கொழும்பில் பார்க்க வேண்டுமானால், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கியிருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மாதத்தில் ஒருநாள்தான் லீவு. கையில் காசு இல்லை. சம்பளம் ஊருக்குப் போகிறது. இந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு, அதுதான் "மிஸ்"ஸுக்கு, இவள் இருப்பதே தெரியாது. முதல் லீவில் சோதனைப் பட்டை வாங்குகிறாள். அடுத்த லீவில் கூட்டாளியிடம் கேட்கிறாள். அதற்கடுத்ததில் யாரோ சொன்ன குளிசையை வாங்குகிறாள். மூன்று லீவு என்றால் மூன்று மாதம். அவள் 6 வாரத்திலேயே முடிவெடுத்தவள். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்குக் கிழமைக்கொரு லீவு கிடைக்கலாம். ஆனால் மற்றக் கணக்கெல்லாம் இதேதான்.

தடைகள் ஒன்றையொன்று வளர்க்கும். மாதம் கூடக் கூட, மறைவில் செய்பவர்கள் கேட்கும் தொகை கூடுகிறது. அதைச் சேர்க்க இன்னும் நாள் போகிறது. அதற்குள் தொகை மறுபடி கூடுகிறது. கடைசியில் "இனி ஏலாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள், அல்லது செய்யத் தெரியாதவர் செய்கிறார். சட்டம் இறுக்கமாக இருந்தால் கருக்கலைப்பு குறையும் என்று வாதிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். இறுக்கம் பிந்திய கருக்கலைப்பைக் கூட்டுகிறது என்பதே எங்கள் கருத்து.

12 வாரத்தில் ஸ்கான் எடுத்தோமே, அப்போது ஏன் குறைபாடு தெரியவில்லை?

எடுத்தவரின் கவனக்குறைவு என்று உடனே நினைக்காதீர்கள். அநேகமான உறுப்புகள் அந்த நேரத்தில் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருப்பதில்லை.

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் முதல் ஸ்கான், கர்ப்பத்தின் வயதைச் சரியாகக் கணிக்கவும், ஒன்றா இரட்டையா என்று பார்க்கவும், பெரிய குறைபாடுகளைக் காணவும் உதவும். மண்டையோடு உருவாகாத நிலை பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். இதயம் அப்போது ஒரு பயறளவுதான். நாலு அறையையும் குழாய்களையும் பிரித்துப் பார்ப்பது 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் இரண்டாவது ஸ்கானில். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பட்டையும் ஏறத்தாழ 20 வாரத்தில்தான் முழுதாகக் காணக்கிடைக்கும்.

சிறுநீரகம் இன்னும் சிக்கலானது. கருப்பையிலுள்ள நீர் தொடக்கத்தில் வேறு வழிகளில் சுரக்கிறது. ஏறத்தாழ 16 வாரத்துக்குப் பிறகுதான் அது பெரும்பாலும் பிள்ளையின் சிறுநீராகிறது. ஆகவே இரண்டு சிறுநீரகமும் இல்லாத பிள்ளையைச் சுற்றியும் 12 வாரத்தில் நீர் சாதாரணமாகவே தெரியும். 18 வாரத்தில் நீரே இல்லை. நீர் இல்லாவிட்டால் நுரையீரல் வளராது. பிள்ளை பிறந்து சில மணி நேரத்துக்கு மேல் உயிர்வாழ்வது மிக அரிது. தலையில் நீர் கோர்ப்பது, தலை சிறுத்துப்போவது போன்றவை இதற்கும் பிந்தியே வெளிப்படலாம்.

ஸ்கான் அறையில் நடப்பது அநேகமாக ஒரே மாதிரித்தான். அதுவரை "இது கால், இது முதுகு" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்துகிறார். கருவி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகிறது. ஜெல்லை இன்னும் கொஞ்சம் பூசி, தாயை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்கிறார். பிறகு எழுந்து போய் இன்னொரு டொக்டரைக் கூட்டிவருகிறார். அன்றைக்கு 20 வாரம். பெரிய டொக்டரிடம் மறு ஸ்கானுக்கு ஒரு கிழமை. கருப்பை நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தால் முழு நிறமூர்த்த முடிவு வர 2 முதல் 3 கிழமை. மேலே சொன்ன, ஜனவரி 1இல் கடைசி மாதவிடாய் வந்த பெண்ணுக்கு மே 21இல் தொடங்கிய இந்த ஓட்டம் ஜூன் 18இல் முடிகிறது. அப்போது 24 வாரம்.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுதான் இன்றும் நடைமுறையில் உள்ளது. பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு நல்லெண்ணத்தில் செய்வது மட்டும் விலக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பிள்ளை துடிக்கத் தொடங்கிய, அதாவது தாய் அதன் அசைவை உணரத் தொடங்கிய, கர்ப்பமாயின் தண்டனை 7 ஆண்டு வரை. தானே செய்துகொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருகிறாள். அவள் சம்மதமின்றிச் செய்தவருக்கு 304ஆம் பிரிவின் கீழ் 20 ஆண்டு வரை.

"துடிப்பு" என்ற அளவுகோலைக் கவனியுங்கள். முதல் கர்ப்பத்தில் தாய் அசைவை உணர்வது 18 முதல் 20 வாரத்தில். குறைபாடு தெரியவரும் ஸ்கானும் அதே வாரங்களில். கர்ப்பத்தை ஸ்கானில் பார்க்கும் முறை உலகத்துக்கு வந்ததே 1950களின் இறுதியில். சட்டம் எழுதியவர்களுக்கு இப்படி ஒரு மோதல் வரும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

பாலியல் வல்லுறவு, கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்கு கொண்டுவர 1995இலும் 2017இலும் முயற்சி நடந்தது. இரண்டு முறையும் எதிர்ப்பு வந்து கைவிடப்பட்டது.

அப்படியானால் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் என்ன நடக்கும்?

கர்ப்பத்தை முடிக்கவேண்டிய நிலைகள் பல. கடும் இதய நோய், குறிப்பாக நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியது. 20 வாரத்துக்குப் பிறகு வரும் கடும் உயர் இரத்த அழுத்தமும் அதோடு சேர்ந்து ஈரல், சிறுநீரகம் பழுதாவதும். பன்னீர்க்குடம் நேரத்துக்கு முன் உடைந்து கருப்பைக்குள் கிருமி ஏறுவது. உடனே சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய். சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானதே தெரியாமல் கர்ப்பமானவர்கள் உண்டு. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடி, 28 முதல் 32 வாரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. அதுவரை தாக்குப்பிடித்த இதயம் அப்போது தளர்கிறது. படுத்தால் மூச்சு முட்டுவது, இரவில் இருமி எழும்புவது, ஒரு மாடிப்படி ஏறமுடியாமல் போவது ஆகியவற்றை "பிள்ளைத்தாச்சிக்கு இருப்பதுதான்" என்று விடாதீர்கள்.

முடிவைத் தனியொரு டொக்டர் எடுப்பதில்லை. வி.ஓ.ஜி. என்று கிளினிக்கில் சொல்லப்படும் மகப்பேற்று விசேட வைத்தியரும் அந்தந்த நோய்க்குரிய விசேட வைத்தியரும் சேர்ந்து எடுத்து எழுதிவைப்பார்கள். பிள்ளை வெளியில் பிழைக்கக்கூடிய வாரம் வந்திருந்தால் நடப்பது கருக்கலைப்பே அல்ல. நுரையீரலை முதிரவைக்கும் ஊசி தாய்க்குப் போட்டு, முன்கூட்டியே பிரசவம் பார்த்து, பிள்ளையைக் குறைமாதப் பிரிவில் வைப்பார்கள்.

சிக்கல் 24 வாரத்துக்கு உட்பட்ட காலத்தில். உயிராபத்து எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது? 2012இல் அயர்லாந்தின் கோல்வே நகரில் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் வைத்தியர் 17 வாரக் கர்ப்பத்தில் கரு கலையத் தொடங்கிய நிலையில் அனுமதிக்கப்பட்டார். பிள்ளையின் இதயம் துடிக்கிறது என்று கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. கிருமி இரத்தத்தில் பரவி இறந்தார். 2018இல் அந்த நாடு சர்வசன வாக்கெடுப்பில் தன் தடையை நீக்கியது. நமது 303ஆம் பிரிவு தாய் சாகும் தறுவாயில் இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. "உயிரைக் காப்பாற்றும் நோக்கம்" என்றுதான் சொல்கிறது. வார்ட்டில் இதைக் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு: "இப்போது ஆபத்து எவ்வளவு? எது நடந்தால் முடிவு மாறும்? யார் யாரோடு பேசியிருக்கிறீர்கள்?"

பிள்ளை பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். இங்கே சட்டப்படி என்ன செய்யலாம்?

கர்ப்பத்தை முடிக்க இன்றைய சட்டம் இடம் தராது. சுமந்து பெறுவது ஒன்றுதான் சட்டத்துக்குட்பட்டது. அதையும் ஒழுங்காகத் திட்டமிடலாம்.

முதலில் ஸ்கான் முடிவை எழுத்தில் வாங்குங்கள். டி சொய்சா, காசல் வீதி மகளிர் வைத்தியசாலைகள் இரண்டும் பொரளைப் பக்கம்தான்; வேறொரு விசேட வைத்தியரின் மறு ஸ்கானைக் கேளுங்கள். "குறைபாடு" என்ற ஒரே சொல்லுக்குள் அறுவைச் சிகிச்சையில் சரியாகக்கூடியதும் உண்டு, ஒருநாளும் தாங்காததும் உண்டு. பிளவுபட்ட உதடும் மண்டையோடு இல்லாமையும் ஒன்றல்ல. தமிழில் விளங்கப்படுத்த ஆள் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பாதி விளங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டு வருவதால் வரும் கேடு பெரிது.

பிறகு பிரசவத்தைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளைக்காக மட்டும் சிசேரியன் செய்வதால் பயனில்லாதபோது தாய்க்கு வெட்டுக்காயம் மிஞ்சும், அடுத்த கர்ப்பத்துக்கு ஆபத்தும் மிஞ்சும். பிறந்ததும் குழாய் போட்டு மூச்சுக் கொடுக்கவேண்டுமா, தாயின் மார்பில் சூடாக வைத்திருந்தால் போதுமா என்பதை முன்பே குறிப்பில் எழுதச் சொல்லலாம். மற்றத் தாய்மாரின் பிள்ளைகள் அழும் வார்ட்டில் படுக்கவைக்காமல் ஓர் ஓரக் கட்டில் கேட்பது சின்ன விஷயம்; கேட்டால் அநேகமாகக் கிடைக்கும்.

இந்தியாவுக்குப் போனால் செய்யலாமா?

அங்கேயும் வரம்பு இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டொக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு டொக்டர்கள். அதுவும் வல்லுறவுக்கு உள்ளானவர், வயது குறைந்தவர், கர்ப்பகாலத்தில் விதவையானவர் அல்லது விவாகரத்தானவர், பிள்ளைக்குக் கடும் குறைபாடு போன்ற வகைகளுக்கே. 2022 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்களையும் இதில் சேர்த்தது. 24ஐத் தாண்டினால் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு, அல்லது மருத்துவச் சபையின் அனுமதியோடு கடும் குறைபாட்டுக்கு மட்டும். 2023 ஒக்டோபரில் அதே நீதிமன்றம் 26 வாரம் கடந்த ஒரு தாய்க்கு அனுமதி மறுத்தது. இரண்டு பிள்ளைகளின் தாய் அவர். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிடாய் இல்லை, கர்ப்பம் தெரியவில்லை. மேலே சொன்ன அதே காரணம்தான். சென்னைக்கு விமானம் ஒன்றரை மணி நேரம். பாஸ்போர்ட்டும் காசும் ஆயத்தமாவதற்குள் எத்தனை வாரம் போகும் என்பதே கணக்கு.

சின்னப் பிள்ளைகளின் கர்ப்பம் ஏன் ஐந்தாறு மாதத்தில்தான் வெளியே வருகிறது?

மாதவிடாய் தொடங்கி ஓரிரண்டு வருடம் ஒழுங்கில்லாமல் வருவது சாதாரணம், ஆகவே தாயும் கவனிப்பதில்லை. செய்தவன் வீட்டுக்குள்ளேயே இருந்தால் பிள்ளை வாய் திறக்காது. பள்ளிச் சட்டை இறுகும்போது, அல்லது வயிற்றுவலி என்று ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போகும்போது தெரியவருகிறது. 16 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் இல்லை, அது வல்லுறவு. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கும் கருக்கலைப்பு விலக்கு இல்லை. இந்தச் சட்டத்தில் எங்களால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத பகுதி இதுதான்.

நடந்து 72 மணி நேரத்துக்குள் தெரிந்தால் அவசர கருத்தடைக் குளிசை கொடுக்கலாம். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரமே எல்லை. அரச வைத்தியசாலைகளில் உள்ள "நட்பு நிலையம்" (சிங்களத்தில் மித்துரு பியச) வன்முறைக்கு உள்ளானவர்களுக்கானது. சிறுவர் உதவி இலக்கம் 1929, பெண்கள் உதவி இலக்கம் 1938.

முதல் மாதங்களில் குளிசை எடுத்தேன், இரத்தம் போனது. இப்போது வயிறு வளர்கிறது. எப்படி?

இரத்தம் போனால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. மறைவில் விற்கும் குளிசை போலியாக இருக்கலாம், பழசாக இருக்கலாம், அளவு பிழைத்திருக்கலாம். இரத்தம் போயும் கர்ப்பம் தொடர்வது, பிந்தி வருபவர்களிடம் அடிக்கடி காணப்படும் கதை. அந்த மருந்துகளில் சிலவற்றுக்குப் பிள்ளையின் கைகால்களிலும் முக நரம்புகளிலும் குறைபாடு உண்டாக்கும் ஆபத்தும் சிறிதளவு உண்டு. ஆகவே ஸ்கான் எடுப்பவரிடம் என்ன குடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

மாதம் கூடியபின் அதே குளிசையை "கூடுதலாக எடுத்தால் சரி" என்று சொல்பவரை நம்பவேண்டாம். கருப்பை அந்த மருந்துக்குக் காட்டும் உணர்திறன் வாரம் ஏற ஏறக் கூடுகிறது. வைத்தியசாலையில் இதனால்தான் பிந்திய மாதங்களில் அளவைக் குறைக்கிறார்கள். முன்பு சிசேரியன் ஆனவருக்குத் தையல் போட்ட இடத்தில் கருப்பை கிழியலாம். வீட்டில் அதைக் கண்டுபிடிக்கவோ நிறுத்தவோ வழியில்லை.

எப்போது உடனே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும்? பொலிஸ் பயம் இருக்கிறதே.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுதாக நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நடந்தால். 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும் என்றால். கெட்ட மணத்தோடு கசிவு வந்தால். வயிறு பலகைபோல் இறுகினால். தலைசுற்றி விழுந்தால், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

கரு கலைந்தபின் வரும் சிக்கலுக்குச் சிகிச்சை பெறுவது குற்றமல்ல, அரச வைத்தியசாலைகளின் வழமையான வேலைகளில் ஒன்று. எத்தனை வாரம், என்ன குடித்தீர்கள் அல்லது உள்ளே என்ன வைக்கப்பட்டது, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். குச்சியோ குழாயோ உள்ளே போயிருந்தால் குடல்கூடத் துளைபட்டிருக்கலாம். அதை மறைத்தால் டொக்டர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

பெண் பிள்ளை என்று தெரிந்து கலைக்கிறார்களா?

இந்தியாவின் சில மாநிலங்களில் இது பெரிய பிரச்சினை. இலங்கையில் பிறக்கும் ஆண், பெண் விகிதம் இயல்பாகவே இருக்கிறது.

பிள்ளைக்கு வலிக்குமா?

பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் ரோயல் கல்லூரி 2022இல் சான்றுகளை மீளாய்வு செய்து, 28 வாரத்துக்கு முன் வலியை உணரும் சாத்தியம் குறைவு என்று கூறியது.

கர்ப்பம் முடிந்த பிறகு உடம்பில் என்ன எதிர்பார்க்கலாம்?

இரத்தக்கசிவு இரண்டு கிழமை அளவு இருக்கும், சிலருக்குச் சற்றுக் கூட. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் அன்ரி டி ஊசி போடவேண்டும். கர்ப்பவதிக் கார்டில் வகை எழுதியிருக்கும், அதைக் கையோடு கொண்டுபோங்கள். மாதவிடாய் வருமுன்பே, இரண்டு மூன்று கிழமையிலேயே, மறுபடி கரு தங்கலாம். முதுகெலும்பு அல்லது மண்டையோட்டுக் குறைபாடு காரணமாகப் பிள்ளையை இழந்தவர்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே டொக்டரிடம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் பற்றிக் கேட்கவேண்டும். வழமையான சின்னக் குளிசை இவர்களுக்குப் போதாது. மரபுவழிக் காரணம் என்று சந்தேகித்தால் கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு கின்சி வீதியிலேயே இருக்கிறது.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று, பால். 16 வாரத்துக்குப் பிறகு கர்ப்பம் எப்படி முடிந்தாலும் மூன்றாம் நாளளவில் பால் கட்டலாம். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது சட்டை நனைந்திருப்பதைக் கண்டு உடைந்துபோகிறவர்கள் அநேகர். பிழியாதீர்கள், பிழிந்தால் இன்னும் சுரக்கும். மார்பை நன்றாகத் தாங்கும், ஆனால் நெருக்காத உள்ளாடை போட்டு, குளிர்ந்த துணியை ஒரு தடவைக்கு 15 நிமிடம் வையுங்கள்; வலிக்குப் பரசிட்டமோல். தாங்கமுடியாமல் கட்டினால் சற்று ஆறுதலாகும் அளவுக்கு மட்டும் பீச்சிவிடலாம். ஒரு மார்பு மட்டும் சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் கிளினிக்குக்குப் போங்கள். வைத்தியசாலையை விட்டு வருமுன் கேட்டால் பாலை நிறுத்தும் குளிசை எழுதித் தருவார்கள். உயர் இரத்த அழுத்தம் இருந்தவர் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள், அந்தக் குளிசை எல்லாருக்கும் ஒத்துவராது.